பாலூட்டும் காலத்தில் பிட்யூட்டரி செல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்ப்பாலுக்கும் பிட்யூட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

பால் சுரப்பது மார்பில்தான். ஆனால் "சுரக்கலாம்" என்ற உத்தரவும் "வெளியே தள்ளு" என்ற உத்தரவும் பிட்யூட்டரியிலிருந்து வருகின்றன. மூளைக்கு அடியில், மண்டையோட்டு எலும்பில் இருக்கும் ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் சுரப்பி இது. எடை சுமார் அரை கிராம். நேர் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி இருக்கிறது. இரண்டையும் ஒரு மெல்லிய காம்பு இணைக்கிறது.

முதல் உத்தரவைக் கொண்டுபோகும் ஹார்மோன் ப்ரோலாக்டின். இரண்டாவதைக் கொண்டுபோவது ஆக்ஸிடோசின். பால் சுரப்பது வேறு, பால் இறங்குவது வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

முன்பகுதி, பின்பகுதி என்று பிரித்துச் சொல்கிறார்களே, ஏன்?

இரண்டும் ஒட்டிப் பிறந்த வெவ்வேறு உறுப்புகள் என்றே சொல்லலாம். கரு வளரும்போது வாயின் மேற்புறத்திலிருந்து மேலே எழும் திசு முன்பகுதியாகிறது. மூளையிலிருந்து கீழே இறங்கும் திசு பின்பகுதியாகிறது. நடுவழியில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன.

முன்பகுதியில் இருப்பவை அசல் சுரப்பி செல்கள். ஹார்மோனைத் தாங்களே தயாரித்துச் சேமித்து வெளிவிடுகின்றன. அவற்றுக்கான செய்தி ஹைப்போதலாமஸிலிருந்து குட்டி ரத்தக்குழாய்கள் வழியாக வருகிறது. பின்பகுதியில் எந்த ஹார்மோனும் தயாராவதில்லை. ஹைப்போதலாமஸில் இருக்கும் நரம்பு செல்களின் நீண்ட வால்கள் அங்கே வந்து முடிகின்றன. மேலே தயாரானது வால் வழியாக இறங்கி, நுனியில் காத்திருந்து, ரத்தத்தில் கலக்கிறது. ப்ரோலாக்டின் முன்பகுதியின் சரக்கு. ஆக்ஸிடோசின் பின்பகுதி வழியாக வருவது.

ப்ரோலாக்டினைச் சுரக்கும் செல்கள் எவை?

லாக்டோட்ரோப் செல்கள். சாதாரண நாட்களில் முன்பகுதி செல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த வகை. கர்ப்பம் தரித்ததும் நிலைமை மாறுகிறது. நச்சுக்கொடியிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் இந்த செல்களைப் பெருகவும் பருக்கவும் வைக்கிறது. எண்ணிக்கையும் கூடும், ஒவ்வொரு செல்லின் உடம்பும் பருக்கும். நிறைமாதத்தில் முன்பகுதியில் பாதிவரை இவைதான் இருக்கும். அதனால் பிட்யூட்டரி மொத்தமாகவே வீங்குகிறது. கர்ப்பிணியின் எம்ஆர்ஐ படத்தில் சுரப்பி பெரிதாகத் தெரிந்தால், அதை மட்டும் வைத்துக் கட்டி என்று பயப்பட வேண்டியதில்லை.

ஈஸ்ட்ரோஜன் செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய் வேலை செய்கிறது. ப்ரோலாக்டின் மரபணுவைக் கூடுதலாகப் படிக்க வைக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தேவைப்படப்போகும் சரக்கு முன்கூட்டியே செல்லுக்குள் சிறு சிறு துகள்களாக நிரம்பிவிடுகிறது.

இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்தது யார்?

1928-ல் ஸ்ட்ரிக்கர், க்ரூட்டர் என்ற இருவர் பிட்யூட்டரிச் சாற்றை முயலுக்குச் செலுத்திப் பால் சுரக்க வைத்தார்கள். 1933-ல் ஆஸ்கர் ரிடில், புறாக்களின் தொண்டையருகே உள்ள தீனிப்பையில் குஞ்சுகளுக்காக ஊறும் "பாலை"த் தூண்டுவதும் இதே பொருள் என்று காட்டி, ப்ரோலாக்டின் என்று பெயர் வைத்தார். மனிதரில் தனி ஹார்மோனாக அடையாளம் காண 1970-களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் வேடிக்கையானது. மனித வளர்ச்சி ஹார்மோனுக்கும் பாலைத் தூண்டும் குணம் உண்டு. அது பிட்யூட்டரியில் ஏராளமாக இருப்பதால் ப்ரோலாக்டின் அதன் நிழலில் மறைந்தே கிடந்தது.

லாக்டோட்ரோப் செல்லுக்கு யார் உத்தரவு போட்டால் அது சுரக்கும்?

யாரும் போட வேண்டாம். பிட்யூட்டரியின் மற்ற செல்கள் மேலிருந்து தூண்டுதல் வந்தால்தான் வேலை செய்யும். லாக்டோட்ரோப் அப்படியல்ல. சும்மா விட்டால் சுரந்துகொண்டே இருக்கும்.

1954-ல் ஜான் எவரெட் ஓர் எலியின் பிட்யூட்டரியை அதன் இடத்திலிருந்து எடுத்துச் சிறுநீரகத்தின் உறைக்கு அடியில் பதித்துவைத்தார். மூளையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. மற்ற ஹார்மோன்கள் படுத்துவிட்டன, ப்ரோலாக்டின் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. மனிதரிலும் இதைப் பார்க்கலாம். விபத்திலோ ஏதாவது கட்டி அழுத்துவதாலோ பிட்யூட்டரியின் காம்பு பாதிக்கப்பட்டால் மற்ற ஹார்மோன்கள் குறைகின்றன, ப்ரோலாக்டின் ஏறுகிறது.

செல்லைத் தனியாக எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்து நுண்ணிய மின்முனையால் தொட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். அது தானாகவே மின்துடிப்புகளை எழுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் செல் சுவரில் உள்ள கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. ப்ரோலாக்டின் நிரம்பிய துகள்கள் சுவரோடு ஒட்டி, வாய் திறந்து, வெளியே கொட்டுகின்றன. வெளியிலிருந்து யாரும் தூண்டவில்லை.

பிறகு எல்லோருக்கும் எப்போதும் பால் வந்துகொண்டிருக்க வேண்டுமே?

வராமல் பார்த்துக்கொள்வது டோபமைன். ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு நரம்பு செல் கூட்டம், அந்தக் குட்டி ரத்தக்குழாய்களில் இடைவிடாமல் டோபமைனை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஓடும் வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பது போல. பாலூட்டும் காலத்தில் நடப்பது முக்கியமாக இந்த பிரேக்கிலிருந்து காலை எடுப்பதுதான். ஆக்ஸிலேட்டரை மிதிப்பது இரண்டாம் பட்சம்.

இதே டோபமைனைத்தான் இணையத்தில் "மகிழ்ச்சி ரசாயனம்" என்று எழுதித் தள்ளுகிறார்கள். மூலக்கூறு அதேதான், ஆனால் இங்கே அதன் வேலைக்கும் மகிழ்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை.

டோபமைன் செல்லுக்குள் என்ன செய்கிறது?

லாக்டோட்ரோப்பின் மேற்பரப்பில் டி2 என்ற ஏற்பி இருக்கிறது. டோபமைன் அதில் உட்கார்ந்த சில நொடிகளிலேயே பொட்டாசியம் வாசல்கள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேற, செல்லின் உட்புறம் கூடுதல் எதிர்மின் நிலைக்குப் போகிறது. துடிப்பு அடங்குகிறது. கால்சியம் வாசல்களும் சோம்பிவிடுகின்றன. கால்சியம் வராவிட்டால் துகள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இது உடனடி விளைவு. டோபமைன் மணிக்கணக்காக, நாள்கணக்காக நீடித்தால் விஷயம் இன்னும் உள்ளே போகிறது. சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதுப் பொருள் குறைகிறது. ப்ரோலாக்டின் மரபணு படிக்கப்படுவது குறைகிறது. செல் பிரிவதும் மட்டுப்படுகிறது. டி2 ஏற்பியே இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகளில் லாக்டோட்ரோப் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் கட்டியானதை 1997-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே டோபமைன் சுரப்பை மட்டுமல்ல, அந்த செல் கூட்டத்தின் அளவையும் பிடித்துவைத்திருக்கிறது.

தூண்டிவிடும் சமிக்ஞைகளே கிடையாதா?

உண்டு. தைராய்டைத் தூண்டுவதற்காக ஹைப்போதலாமஸ் விடும் டிஆர்ஹெச், லாக்டோட்ரோப்பையும் தூண்டும். முதலில் செல் தன் உள்சேமிப்பிலிருந்து கால்சியத்தை விடுகிறது, அப்புறம் வெளியிலிருந்தும் கால்சியம் வருகிறது. ஆக்ஸிடோசினும் விஐபி என்ற சிறு புரதமும் இதே பக்கம் தள்ளுபவை. ஆனால் டோபமைன் அழுத்திப் பிடித்திருக்கும்போது இவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

நடைமுறையில் பார்த்தால், தைராய்டு சரியாகச் சுரக்காதவர்களுக்கு டிஆர்ஹெச்சின் தாக்கம் கூடி ப்ரோலாக்டினும் ஏறலாம். ப்ரோலாக்டின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டர் உடனே தைராய்டு டெஸ்ட் எழுதித் தருவது இதனால்தான்.

கர்ப்பத்திலேயே ப்ரோலாக்டின் ஏறிவிடுகிறதே, அப்போது ஏன் பால் வருவதில்லை?

நல்ல கேள்வி. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ப்ரோலாக்டின் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்கும். நிறைமாதத்தில் அது 200-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். ஆனால் நச்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் மார்பின் செல்களில் தடுப்பாக நிற்கிறது. மார்பு தயாராகிறது, சீம்பாலும் கொஞ்சம் சேர்கிறது, அதற்கு மேல் போவதில்லை.

குழந்தை பிறந்து நச்சுக்கொடியும் வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. ப்ரோலாக்டின் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. தடுப்பு விலகியதும் மார்பின் செல்கள் அதற்குச் செவிசாய்க்கின்றன. பிறந்த இரண்டு மூன்று நாளில் மார்பு கனத்துப் பால் கட்டுவது இதன் விளைவு. நச்சுக்கொடியின் துண்டு கருப்பைக்குள் தங்கிவிட்டால் புரோஜெஸ்டிரோன் முழுதாக இறங்காது, பாலும் தாமதமாகும். நான்கைந்து நாளாகியும் பால் வரவில்லை, ரத்தப்போக்கும் கூடுதலாக இருக்கிறது என்றால் அதையும் டாக்டர் யோசிப்பார்.

குழந்தை சப்பும்போது செய்தி பிட்யூட்டரிக்கு எப்படிப் போகிறது?

மார்புக் காம்பிலும் அதைச் சுற்றிய கருவட்டத்திலும் உள்ள நரம்பு நுனிகள், சப்புவதை மார்பு மட்டத்துத் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. அங்கிருந்து மூளைத்தண்டு, பிறகு ஹைப்போதலாமஸ். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

ஒரு வழியில் டோபமைன் வரத்து குறைகிறது. லாக்டோட்ரோப் செல்கள் மறுபடி துடிக்கத் தொடங்குகின்றன. ரத்தத்தில் ப்ரோலாக்டின் மெதுவாக ஏறி, சப்பத் தொடங்கியதிலிருந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொடுகிறது. இன்னொரு வழியில் ஆக்ஸிடோசின் நரம்புகள் தூண்டப்படுகின்றன. அதன் பலன் ஓரிரு நிமிடத்திலேயே தெரியும். இப்போது வாயில் விழுவது ஏற்கெனவே சுரந்து மார்பில் இருக்கும் பால். இப்போது ஏறும் ப்ரோலாக்டின் இனிமேல் சுரக்கப்போகும் பாலுக்காக.

இரண்டு மார்பையும் ஒரே நேரத்தில் தூண்டினால் ப்ரோலாக்டின் இன்னும் கூடுதலாக ஏறும். இரட்டைக் குழந்தைகளுக்குச் சேர்த்துப் பால் கொடுக்கும்போதும், இரட்டைப் பம்ப் வைக்கும்போதும் இந்தப் பலன் கிடைக்கிறது. குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டிருந்தால் மார்பு சரியாகக் காலியாவதில்லை, காம்பும் புண்ணாகிறது. ஹார்மோன் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் குழந்தை சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள் என்பதே என் கருத்து.

ப்ரோலாக்டின் ஏறினால் டோபமைனும் ஏறி அதை இறக்க வேண்டுமே? பாலூட்டும்போது அந்தக் கட்டுப்பாடு எங்கே போகிறது?

மற்ற நாட்களில் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ரத்தத்தில் ப்ரோலாக்டின் கூடினால் டோபமைன் நரம்புகள் அதை உணர்ந்து வேகமாகத் துடிக்கும். டோபமைன் கூடும், ப்ரோலாக்டின் இறங்கும்.

பாலூட்டும் காலத்திலும் இதே கட்டுப்பாடு இருந்தால் இரண்டாம் நாளே பால் நின்றுவிடும். அது ஏன் நிற்பதில்லை என்பதற்கு, டோபமைன் நரம்புகள் ப்ரோலாக்டினைக் கண்டுகொள்ளாமல் செவிடாகிவிடுகின்றன என்று ஊகிப்பதுதான் எளிது. சுண்டெலிகளில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பாலூட்டும் தாயிலும் அந்த நரம்புகள் ப்ரோலாக்டினை நன்றாகவே உணர்கின்றன. மின்துடிப்பும் கூடுகிறது. ஆனால் நுனியில் டோபமைன் வெளிவருவதில்லை. டோபமைனைத் தயாரிக்கும் நொதியின் செயல்பாடு குறைந்துபோய், அதே நரம்புகள் என்கெஃபலின் என்ற வேறொரு பொருளைத் தயாரிக்க ஆரம்பித்திருக்கின்றன.

நரம்பு துடித்தால் அதன் சரக்கு வெளிவரும் என்பது பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும். இங்கே துடிப்பு ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. குட்டிகள் பால் குடிப்பதை நிறுத்தியதும் பழைய நிலை திரும்புகிறது. வயதுவந்த மூளையில் ஒரு நரம்பு செல் தன் தொழிலையே தற்காலிகமாக மாற்றிக்கொள்கிறது என்பது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

லாக்டோட்ரோப் செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகவா வேலை செய்கின்றன?

வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். சுண்டெலிப் பிட்யூட்டரியை மெல்லிய சீவலாக வெட்டி, கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயத்தை ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. பிரசவம் காணாத சுண்டெலியின் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒன்றுக்கொன்று பெரிதாகத் தொடர்பில்லாமல் மின்னுகின்றன. பாலூட்டும் சுண்டெலியின் சீவலில் நிறைய செல்கள் ஒரே சமயத்தில் ஒளிர்ந்து, ஒரே சமயத்தில் அணைகின்றன. சில செல்கள் பல செல்களோடு இணைந்த மையங்களாக இருக்கின்றன. தேவை கூடும்போது செல்கள் வலைப்பின்னலாகிக் கூட்டாகச் சுரக்கின்றன.

2012-ல் வெளிவந்த இந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குட்டிகளைப் பிரித்துப் பல வாரங்கள் கழித்தும் அந்த இணைப்பு முழுதாகக் கலையவில்லை. அடுத்த ஈற்றில் அதே வலைப்பின்னல் முன்பைவிடத் திறமையாக வேலைசெய்தது. முதல் அனுபவத்தைப் பிட்யூட்டரி நினைவில் வைத்திருக்கிறது.

அப்படியானால் இரண்டாவது குழந்தைக்குப் பால் நன்றாக வருவது இதனால்தானா?

ஓரளவு இருக்கலாம். முதல் வாரத்தில் இரண்டாவது குழந்தைக்குப் பால் கூடுதலாகச் சுரப்பதை மனிதரிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் முழுப் பெருமையையும் பிட்யூட்டரிக்குக் கொடுக்க முடியாது. மார்பின் திசுவும் முதல் முறையே வளர்ந்திருக்கிறது, தாய்க்கும் கை பழகியிருக்கிறது. முதல் குழந்தைக்குச் சரிவரப் பால் கொடுக்க முடியாமல் போனவர்கள் இரண்டாவது முறை முயன்று பார்க்க இது நல்ல காரணம்.

ஆக்ஸிடோசின் எப்படி வெளிவருகிறது?

விட்டு விட்டு, அலை அலையாக. 1970-களில் வேக்கர்லி, லிங்கன் என்ற இருவர் பாலூட்டும் எலிகளில் இதைப் பதிவுசெய்தார்கள். குட்டிகள் விடாமல் சப்பிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிடோசின் நரம்புகள் ஏதோ சோம்பலாக ஒன்றிரண்டு துடிப்புகளோடு இருக்கும். பல நிமிடங்களுக்கு ஒருமுறை திடீரென்று எல்லா நரம்புகளும் ஒரே நேரத்தில் சில நொடிகளுக்குப் படபடவென்று வெடிக்கும். பத்துப் பதினைந்து நொடிகளில் மார்பில் அழுத்தம் ஏறிப் பால் பீறிடும். குட்டிகள் உடம்பை விறைத்துக்கொண்டு குடிக்கும். அப்புறம் மறுபடி அமைதி.

இந்த ஒற்றுமைக்குப் பாலூட்டும் காலத்தில் உடலமைப்பே மாறுகிறது. சாதாரண நாட்களில் ஆக்ஸிடோசின் நரம்புகளுக்கு இடையே துணை செல்களின் மெல்லிய தகடுகள் புகுந்து பிரித்துவைத்திருக்கும். பாலூட்டும்போது அவை பின்வாங்குகின்றன, நரம்புகள் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்கின்றன. பிட்யூட்டரியின் பின்பகுதியிலும் இதே கதை. நரம்பு நுனிகளைச் சுற்றிப் பிடித்திருந்த துணை செல்கள் விலகி, நுனிகள் ரத்தக்குழாய்ச் சுவரைத் தொட வழிவிடுகின்றன. போதாததற்கு, நரம்புகள் தங்களுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்ஸிடோசினை விட்டு ஒன்றையொன்று உசுப்பிவிடுகின்றன.

மனிதரிலும் பால் கொடுக்கும்போது ரத்தத்தில் ஆக்ஸிடோசின் இப்படி அலைகளாகவே தெரிகிறது. சில நிமிடங்களில் அது ரத்தத்திலிருந்து பாதியாகக் குறைந்துவிடும். பால் பைகளைச் சுற்றியுள்ள தசை போன்ற செல்கள் இறுகிப் பாலைக் குழாய்களுக்குள் தள்ளுகின்றன. பிறந்த முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும் இதே ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருக்குவதால்தான். ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சின்ன மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு விக்னியோவுக்கு 1955-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தை அழுதாலே பால் கசிகிறது. இது எப்படி?

ஆக்ஸிடோசின் நரம்புகள் பழக்கத்துக்குக் கட்டுப்படுபவை. அழுகை, குழந்தையின் வாசம், பால் கொடுக்க உட்காரும் இடம், எதுவும் போதும். ப்ரோலாக்டின் இப்படி ஏமாறுவதில்லை. அதற்குப் பெரும்பாலும் சப்புதல்தான் வேண்டும்.

மனக்கவலை பாலை வற்றவைத்துவிடுமா?

"வற்றுகிறது" என்பதைவிட "இறங்க மறுக்கிறது" என்பதே சரி. 1948-ல் நைல்ஸ் நியூட்டனும் அவருடைய கணவர் மைக்கேல் நியூட்டனும் செய்த சோதனை இதற்குப் பெயர் பெற்றது. பால் கொடுத்துக்கொண்டிருந்த நைல்ஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பால் கொடுக்கும்போது காலைப் பனிநீரில் வைப்பது, கால் விரலை வலிக்க இழுப்பது, அடுத்தடுத்துக் கணக்குக் கேட்பது என்று இடைஞ்சல் செய்தார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. அதே இடைஞ்சலோடு ஆக்ஸிடோசின் கொடுத்தபோது பால் வந்தது. மார்பில் பால் இருந்தது, இறங்கவில்லை, அவ்வளவுதான்.

வலியும் பதற்றமும் ஆக்ஸிடோசின் அலைகளைக் குறைக்கின்றன. ஆனால் இறங்காத பால் தேங்கினால், மார்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அந்த வழியாகத்தான் நீண்ட நாள் கவலை சுரப்பையும் தொடுகிறது. இதைத் தாயிடம் "நீ கவலைப்படுகிறாய், அதனால்தான் பால் இல்லை" என்று சொல்வது கவலையை இரட்டிப்பாக்கும் வேலை. வலியைக் குறையுங்கள், தூங்க விடுங்கள்.

பால் போதவில்லை என்றால் ப்ரோலாக்டின் டெஸ்ட் எடுக்கலாமா?

பெரும்பாலும் வீண் செலவு. முதல் வாரங்களில் ப்ரோலாக்டின் உயரத்தில் இருக்கும். மாதங்கள் போகப் போக அடிமட்ட அளவு இறங்கி, ஆறு மாத வாக்கில் பால் கொடுக்காத பெண்ணின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். சப்பும்போது ஏறும் அளவும் சிறுத்துவிடும். அப்போதும் பல தாய்மார்கள் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எண் இறங்குகிறது, பால் இறங்கவில்லை.

பால் வந்து நிலைத்த பிறகு அதன் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மார்பு எவ்வளவு காலியாகிறது என்பதுதான். ஒரே ரத்தம், ஒரே ப்ரோலாக்டின் இரண்டு மார்புக்கும் போகிறது. ஆனாலும் குழந்தை ஒரு பக்கத்தையே விரும்பிக் குடித்தால் அந்தப் பக்கம் நிறையச் சுரக்கும், மறுபக்கம் சுருங்கும். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

டெஸ்டுக்குப் பொருள் இருக்கும் இடங்களும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு பாலே எட்டிப்பார்க்கவில்லை, அல்லது பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருக்கிறது என்றால் எடுக்க வேண்டும். அப்போதும் எப்போது பால் கொடுத்தார், எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று குறிக்காத ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரவில் பால் கொடுத்தே ஆக வேண்டுமா?

தூக்கத்தில் ப்ரோலாக்டின் இயல்பாகவே கூடுதல். முதல் வாரங்களில் இரவுப் பாலை விடாமல் இருப்பது நல்லது. பல மாதம் போன பிறகு, குழந்தை நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால், ஓர் இரவு முழுக்கத் தூங்கியதால் பால் நின்றுவிடாது.

பால் கொடுக்கும்போது மாதவிடாய் ஏன் வருவதில்லை?

இங்கே பாதிக்கப்படுவது பிட்யூட்டரியின் வேறொரு செல் வகை. சினைப்பையைத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுரக்கும் கோனடோட்ரோப் செல்கள். இவை வேலைசெய்ய, ஹைப்போதலாமஸிலிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் துடிப்பு துடிப்பாக வர வேண்டும். அடிக்கடி சப்புவதும் உயர்ந்த ப்ரோலாக்டினும் சேர்ந்து அந்தத் துடிப்பைக் குலைத்துவிடுகின்றன. ஜிஎன்ஆர்ஹெச் நரம்புகளைத் தட்டி எழுப்பும் கிஸ்பெப்டின் நரம்புகள் அடங்கிப்போவது இதில் முக்கியம். துடிப்பு இல்லாவிட்டால் எல்ஹெச்சும் துடிக்காது, முட்டை முதிர்ந்து வெளிவராது.

இதைக் கருத்தடையாக நம்பலாமா என்றால், மூன்று நிபந்தனையும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே. அப்போது பாதுகாப்பு 98 சதவீதத்துக்கு மேல். ஒன்று தவறினாலும் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம் என்பதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

பிட்யூட்டரியின் மற்ற செல்கள்?

அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஹெச்சைச் சுரக்கும் செல்கள் பாலூட்டும்போது கொஞ்சம் நிதானமாகின்றன. டிரெட்மில்லில் ஓட வைத்துப் பார்த்தபோது, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஏசிடிஹெச்சும், அதன் தூண்டுதலால் அட்ரினல் சுரக்கும் கார்டிசாலும் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறின. வளர்ச்சி ஹார்மோன் செல்கள் கர்ப்பத்தில் நச்சுக்கொடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனால் ஒதுங்கியிருந்து, பிரசவத்துக்குப் பிறகு மீள்கின்றன.

பிரசவத்தில் நிறைய ரத்தம் போனால் பால் வராது என்கிறார்களே?

எல்லோருக்கும் அல்ல. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம். கர்ப்பத்தில் வீங்கிய பிட்யூட்டரிக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். பெரும் ரத்தப்போக்கில் ரத்த அழுத்தம் சரிந்தால் முன்பகுதி செல்கள் மடிந்துபோகலாம். 1937-ல் இதை விவரித்த ஹெரால்ட் ஷீஹன் பெயரால் ஷீஹன் நோய் என்கிறார்கள்.

முதல் அறிகுறியே பால் சுரக்காமல் போவதுதான். பிறகு மாதவிடாய் திரும்பாது, பிரசவத்துக்காகச் சவரம் செய்த முடி மறுபடி வளராது, களைப்பு தீராது. பால் வராதது மட்டும் என்றால் மாற்று வழி இருக்கிறது. ஏசிடிஹெச்சும் போயிருந்தால் ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகலாம். சிலருக்குப் பல வருடம் கழித்தே கண்டுபிடிக்கிறார்கள், அதுதான் வருத்தம். பெரும் ரத்தப்போக்கும் பால் வராததும் சேர்ந்திருந்தால், "சிலருக்கு அப்படித்தான்" என்ற சமாதானத்தை ஏற்காமல் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள்.

எந்த மருந்துகள் இந்த செல்களைத் தொடும்?

டோபமைன் போல நடிக்கும் கேபர்கோலின், புரோமோகிரிப்டின் இரண்டும் லாக்டோட்ரோப்பை அடக்கிப் பாலை நிறுத்தும். டோபமைன் ஏற்பியை மறைக்கும் மருந்துகள் ப்ரோலாக்டினை ஏற்றும். மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைட், டோம்பெரிடோன் எல்லாம் இந்த வகை.

டோம்பெரிடோனைப் பால் பெருக்கவே சில நாடுகளில் எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. இதயத் துடிப்புக் கோளாறு பற்றி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே எச்சரித்தது. மார்பு காலியாகாமல் மாத்திரையால் மட்டும் பெரிதாக எதுவும் நடக்காது என்பதால் அதை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். மனநோய்க்கான மருந்தைப் பாலுக்காகத் தானாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின் பலர் சந்தேகிக்காத ஆள். 8 தாய்மார்களில் செய்த ஒரு சிறு ஆய்வில், 60 மில்லிகிராம் ஒரே வேளை எடுத்ததற்கே அந்த நாளின் பால் 24 சதவீதம் குறைந்தது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் ஆரம்ப வாரங்களில் பாலைக் குறைக்கக்கூடும்.

குழந்தை பெறாதவருக்குப் பால் சுரக்குமா?

சுரக்க வைக்கலாம். தத்தெடுத்த தாய்மார்கள் அடிக்கடி பம்ப் வைத்தும், மருத்துவ ஆலோசனையோடு ஹார்மோன் எடுத்தும் பால் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பம் தரும் மார்பு வளர்ச்சி இல்லாததால் முழுத் தேவைக்கும் போதாமல் போவது சகஜம். ஆண்களுக்கும் லாக்டோட்ரோப் செல்கள் உண்டு.

ப்ரோலாக்டின் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டி இருப்பவர் பால் கொடுக்கலாமா?

சின்னக் கட்டி என்றால் பொதுவாகக் கொடுக்கலாம், சப்புவதால் கட்டி வளர்வதாகத் தெரியவில்லை. ஆனால் கேபர்கோலின் எடுத்துக்கொண்டே பால் கொடுக்க முடியாது, மருந்து பாலையே நிறுத்திவிடும். பெரிய கட்டி என்றால் முடிவு நாளமில்லாச் சுரப்பி மருத்துவருடையது.

பால் மறக்கடித்த பிறகு இந்த செல்கள் என்ன ஆகின்றன?

சப்புதல் நின்றதும் டோபமைன் பழையபடி வரத் தொடங்குகிறது. லாக்டோட்ரோப் செல்கள் அடங்குகின்றன, வீங்கிய பிட்யூட்டரி மெல்லச் சுருங்குகிறது. ஆக்ஸிடோசின் நரம்புகளுக்கு நடுவே துணை செல்களின் தகடுகள் மறுபடி புகுந்துகொள்கின்றன. படிப்படியாக நிறுத்தினால் மார்பும் பால் கட்டி வலிக்காமல் தப்பிக்கும்.

அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு பல மாதங்கள் வருவது சகஜம். வருகிறதா என்று தினமும் அழுத்திப் பார்ப்பதே வருவதற்குக் காரணமாகிவிடும், காம்பைத் தொடுவதும் ஒரு சமிக்ஞைதான். ஆனால் நிறுத்திப் பல மாதமாகியும் தானாகக் கசிகிறது, மாதவிடாயும் ஒழுங்காக வரவில்லை என்றால் ப்ரோலாக்டின், தைராய்டு இரண்டையும் பாருங்கள். கூடவே ஓயாத தலைவலியோ, இரு பக்க ஓரங்களில் பார்வை மங்குவதோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். கண் நரம்புகள் பிட்யூட்டரிக்கு நேர் மேலேதான் குறுக்கே செல்கின்றன.